அஞ்சு என்னதுல, கத்திரிக்காயா?

போன வாரம் பொண்ணு பரீட்சைப் பேப்பரைக் கொண்டாந்து என் மடியில பொத்துன்னு போட்டா. பதினொண்ணாங்கிளாஸ் பிசிக்ஸ். மூணு இடத்துல சிவப்பு வட்டம், ஒவ்வொண்ணுக்கும் அரை மார்க் கட்.

"ஆன்சர் எல்லாம் கரெக்ட்ப்பா. யூனிட் எழுதலையாம். 2 கிலோ, 3 மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர், பெருக்கினா 6. ஆறுன்னு எழுதியிருக்கேன். ஆறுதானே? நீ வந்து மிஸ் கிட்ட பேசு."

நான் பேப்பரை வாங்கி அந்த 6-ஐயே பார்த்துக்கிட்டு இருந்தேன். வாயில தானா வந்துருச்சு: "ஆறு என்னது? கத்திரிக்காயா?"

அவ முறைச்ச முறைப்பு இருக்கே! தங்கமணி சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சுட்டாரு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. ஆமா, ஆரம்பிச்சுட்டேன். கொசுவர்த்திச் சுருளைச் சுத்த விடறேன், பொறுத்துக்கங்க மக்கா. இது கொஞ்சம் நீளமான பதிவு.

நான் ப்ளஸ் டூ முடிச்சது 1991-ல. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர், தமிழ் மீடியம். எங்க பிசிக்ஸ் சார் ரொம்ப நல்ல மனுசர், ஆனா ஒரே ஒரு விசயத்துல இரக்கமே கிடையாது. விடைக்குப் பக்கத்துல அலகு எழுதலேன்னா அரை மார்க் போச்சு. தமிழ் மீடியத்துல யூனிட்டுக்கு அலகுன்னுதான் பேரு. சிவப்பு மையில ஒரு வட்டம் போட்டு அது மேல ஒரு குத்து குத்துவார் பாருங்க, பேப்பரே கிழியும். பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்துறது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு வருசம் மூணு தடவை: காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு. "உனக்கு எத்தனை அலகுல குத்துனாரு?"ன்னுதான் பேப்பர் வந்ததும் கேட்டுக்குவோம்.

அரையாண்டுப் பரீட்சையில எனக்கு ஒம்பது குத்து. நாலரை மார்க். கிளாஸ்ல முதல் மார்க் அதுல போச்சு. பொறுக்க முடியாம ஸ்டாஃப் ரூமுக்குப் போய் நின்னேன்.

"கணக்கு சரிதானே சார்?"

சார் கோபப்படலை. சட்டைப் பையில கையை விட்டு ஒரு ரூபா எடுத்துக் குடுத்தார். "ஏல, எதுத்த கடையில போயி அஞ்சு வாங்கிட்டு வா."

"அஞ்சு என்னது சார்?"

"அஞ்சு ல. கணக்கு சரிதானே? போயி வாங்கிட்டு வா."

போனேன். பெட்டிக்கடை அண்ணாச்சி கிட்ட "அஞ்சு குடுங்க அண்ணாச்சி"ன்னேன். அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "அஞ்சு என்னது?" எனக்குத் தெரிஞ்சாத்தானே! சரி, யாருக்கும் தீங்கில்லாத பொருளா இருக்கட்டும்னு அஞ்சு கடலை மிட்டாய் வாங்கிட்டு வந்தேன்.

சார் ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கிட்டார். "நான் கேட்டது அஞ்சு குண்டூசி." மிச்சம் நாலையும் என் கையில குடுத்து அனுப்பிட்டார். அந்த நாலரை மார்க் மட்டும் வரவே இல்லை.

வகுப்புல அவர் நடத்துற அளவீட்டுப் பாடமே ஒரு கச்சேரி மாதிரி இருக்கும். பாரிஸ் பக்கத்துல செவ்ருன்னு ஒரு இடத்துல, கண்ணாடி மூடிக்குள்ள கண்ணாடி மூடி போட்டு, பிளாட்டினம் இரிடியம் கலந்த உருளை ஒண்ணு வெச்சிருக்காங்க, 1889-ல இருந்து அதுதான் ஒரு கிலோகிராம்னு சொன்னார். கடைசி பெஞ்சுல இருந்து ஒருத்தன் எந்திரிச்சு, "சார், அந்தக் குண்டை எவனாவது லேசா சுரண்டிட்டா?"ன்னான். எல்லாரும் சிரிச்சோம். சார் சிரிக்கலை. "சுரண்டினா அது இளைக்காதுல. அதுதான் கிலோன்னு சட்டம். அன்னிக்கு ராத்திரியே நீயி, நானு, இந்த ஊரு, உலகம் எல்லாம் குண்டாயிரும்"னார்.

அவன் கேட்டது கிறுக்குக் கேள்வி இல்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அந்த உருளையை அதே மாதிரி செஞ்சு வெச்சிருந்த நகல்களோட ஒப்பிட்டுப் பார்த்தா, நூறு வருசத்துல சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருந்துது. உருளை இளைச்சுதா, நகல் பெருத்துதான்னு சொல்லவே வழியில்லை. 2019 மே 20-ல இருந்து கிலோகிராமுக்கும் அந்தக் குண்டுக்கும் தொடர்பை அறுத்துட்டாங்க. இப்ப பிளாங்க் மாறிலிக்கு ஒரு எண்ணை நிரந்தரமா வெச்சு அதுல இருந்து கிலோவை வரவழைக்கறாங்க. பொண்ணு புத்தகத்துல பிளாங்க் மாறிலின்னு இருக்கு. எங்களுக்கு அந்தக் குண்டுதான். குண்டு மனசுல நின்ன மாதிரி மாறிலி நிக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் லேப். வெர்னியர் அளவி, திருகு அளவி. குண்டு இரும்புக் கோலியைக் கையில குடுத்ததும் நாங்க எல்லாரும் உடனே தாடைக்குள்ள வெச்சு அளக்கத்தான் போவோம். கையில அடி விழும். "பொருளைப் பாக்கறதுக்கு முன்னால கருவியைப் பாருல." முதல்ல மீச்சிற்றளவு எழுதணும். வெர்னியர்னா 0.01 செ.மீ., திருகு அளவின்னா 0.01 மி.மீ. அடுத்தது சுழிப்பிழை இருக்கான்னு பார்த்து எழுதணும். இது ரெண்டும் நோட்டுல இல்லாம அளவு எடுத்தா, அளவு சரியா இருந்தாலும் அடிச்சுட்டு மறுபடி எடுக்கச் சொல்லுவார். எங்களுக்கு எரிச்சலா இருக்கும். கோலி கோலிதானே, எங்க ஓடிப் போகுது?

பள்ளிக்கூடம் முடிஞ்சு, இஞ்சினியரிங் முடிஞ்சு, சென்னைக்கு வந்து வேலையில உக்காந்தப்புறம் அலகாவது ஒண்ணாவது. நம்ம ஊர்ல அலகு சொல்லாமலே எல்லாம் நடக்குது. ஆறுக்கு மூணு வேட்டின்னா அடியா மீட்டரான்னு யாரும் கேக்கறதில்லை. மல்லிகைப்பூ ரெண்டு முழம்னா, அது அந்தப் பூக்காரம்மாவோட முழம். அவங்க கை குட்டையா இருந்தா நமக்கு நட்டம், அதுக்கு எந்த அரசாங்கத்துலயும் புகார் குடுக்க முடியாது. ஒண்ணரை டன் ஏசின்னு வாங்கறோம், அதுக்கும் அந்தப் பெட்டியோட எடைக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு டன்னுன்னா, ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகறதுக்கு எவ்வளவு வெப்பம் வேணுமோ அந்த வேகத்துல வெப்பத்தை வெளியே தள்ளுதுன்னு அர்த்தம். கிட்டத்தட்ட 3.5 கிலோவாட். ஏசி மாட்ட வந்த தம்பி கிட்ட இதை விளக்கப் போய், அவர் "சரி சார், ஸ்டெபிலைசர் எங்க வைக்க?"ன்னு கேட்டுட்டார் :-)

இதுல பெரிய வேடிக்கை யூனிட்ங்கற வார்த்தையேதான். கரண்ட் பில்லுல ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். வீடு கட்டும்போது மணல் ஒரு யூனிட்னா நூறு கன அடி. ஆஸ்பத்திரியில ரத்தம் ஒரு யூனிட்னா ஒரு பை, 350 மில்லி இல்லேன்னா 450 மில்லி. யூனிட் எழுதலேன்னா மார்க்கைக் குறைக்கறாங்க. சரி, "20 யூனிட்"னு எழுதினா அதுல என்ன தெரியுது?

இங்கதான் மேட்டருக்கு வர்றேன்.

எங்க அம்மாவுக்கு ரொம்ப வருசமா சுகர். மாத்திரையில ஓடிக்கிட்டு இருந்துது. அப்பா போனதுக்கு அப்புறம் கேக்காம, ஊர் டாக்டர் இன்சுலினுக்கு மாத்திட்டார். காலையில 20 யூனிட், ராத்திரி 10 யூனிட். 2013 மே மாசம் அம்மாவைச் சென்னைக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். கூடவே ஒரு டப்பா நிறைய கருப்பட்டி, ஒரு பை மாம்பழம், ஐஸ் டப்பாவுல இன்சுலின் பாட்டில், ஒரு கட்டு சிரிஞ்ச். ஊசி போடறது தங்கமணி பொறுப்பு. கை நடுங்காது அவங்களுக்கு.

வந்த ஒரு வாரத்துல சிரிஞ்ச் தீர்ந்து போச்சு. ராத்திரி ஒம்பதரைக்கு நான் தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன்.

"இன்சுலின் சிரிஞ்ச் இருபது குடுங்க."

"எது சார்?"

"சுகர் ஊசி போடறதுதாங்க."

குடுத்தார், வாங்கிட்டு வந்தேன். ஊர்ல இருந்து வந்ததுல மூடி சிவப்பா இருந்துது, இதுல ஆரஞ்சு. வேற கம்பெனி போலன்னு நினைச்சுக்கிட்டேன். தங்கமணி 20-ங்கற கோடு வரைக்கும் உறிஞ்சி, கோட்டைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்த்து, குமிழி தட்டி, போட்டாங்க. அவ்வளவு கவனமா.

மூணாவது நாள் காலையில வெறும் வயித்துல பார்த்தா 210. அதுக்கு முன்னாடி எல்லாம் 130, 140-தான் இருக்கும். அடுத்த நாள் 238. அதுக்கு அடுத்து 262.

எனக்கு உடனே காரணம் தெரிஞ்சு போச்சு. அதாவது, தெரிஞ்ச மாதிரி இருந்துது. ஃபிரிட்ஜ்ல நறுக்கி வெச்ச மாம்பழம் குறைஞ்சுக்கிட்டே வருது.

"அம்மா, மாம்பழம் சாப்பிட்டியா?"

"இல்லைய்யா."

"கருப்பட்டி?"

"நான் எதுக்குய்யா அதைத் தொடுதேன்? உங்களுக்குத்தான கொண்டாந்தேன்."

நம்பலை. இஞ்சினியர் பாருங்க, எண்ணிக்கையில ஆள் கெட்டி. மாம்பழத் துண்டை எண்ணி வெச்சேன். பன்னிரண்டு. சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்தா எட்டு. ஹால்ல டிவி பார்த்துக்கிட்டு இருந்த அம்மா முன்னாடி நின்னு, சத்தமா, "இந்த வயசுல ஒளிச்சு வெச்சு சாப்பிடணுமா? யாரை ஏமாத்தறே?"ன்னு கேட்டேன். கருப்பட்டி டப்பாவை எடுத்து, ஸ்டூல் போட்டு, பரண் மேல வெச்சேன். அம்மா நான் ஸ்டூல்ல ஏறினது, வெச்சது, இறங்கினது எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லலை. அன்னிக்கு ராத்திரி ரெண்டு இட்லிக்குப் பதில் ஒரு இட்லிதான். மறுநாள் அதுவும் அரை.

அந்த நாலு துண்டு யார் சாப்பிட்டதுன்னா, இதோ இப்ப அரை மார்க்குக்கு சண்டை போடற மகராசிதான். அப்ப நாலு வயசு. ஃபிரிட்ஜ் கதவு எட்டும்ங்கறதே எங்களுக்குத் தெரியாது.

ஊர் டாக்டருக்கு போன் போட்டேன். "எத்தனை போடறீங்க?"ன்னார். "இருபது யூனிட் டாக்டர்." "சரி, 26 போடுங்க." நாலு நாள் கழிச்சும் இறங்கலை. "32 போடுங்க, டயட் பாத்துக்கங்க." அவர் யூனிட்னுதான் கேட்டார், நானும் யூனிட்னுதான் சொன்னேன். எங்க சார் இருந்தா ரெண்டு பேருக்கும் முழு மார்க் குடுத்திருப்பார்.

அந்த இருபது சிரிஞ்சும் தீர்ந்துது. இந்தத் தடவை ஆபீஸ் பக்கத்துல வேற ஒரு கடையில வாங்கினேன். சிவப்பு மூடி. மறுநாள் காலையில, ஏழரை மணிக்கு, 32 கோடு வரைக்கும் உறிஞ்சிப் போட்டாங்க.

பதினோரு மணிக்குத் தங்கமணி போன். "அத்தைக்கு வேர்த்துக் கொட்டுது, என்னென்னமோ பேசறாங்க, என்னைத் தெரியலை, சீக்கிரம் வாங்க." நான் வர்றதுக்குள்ள அவங்களே மெஷின்ல பார்த்திருக்காங்க: 46. பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடி வந்து க்ளூக்கோஸ் பொடியைத் தண்ணியில கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா வாயில விட்டிருக்காங்க. முழுங்கற அளவுக்கு நினைவு இருந்துது, அது தெய்வாதீனம். நான் வந்து சேர்றப்ப அம்மா தலையெல்லாம் நனைஞ்சு, சேலையெல்லாம் நனைஞ்சு, சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும், "நான் எதுவும் திங்கலைய்யா"ன்னாங்க.

இதை எழுதறப்ப கூட ஒரு நிமிசம் நிறுத்திட்டுத்தான் எழுதறேன்.

பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க இருந்த சிஸ்டர் எல்லாத்தையும் கேட்டாங்க. எத்தனை யூனிட்? 32. எப்ப போட்டீங்க? ஏழரை. சாப்பிட்டாங்களா? ஒரு இட்லி. நான் எழுதி வெச்சிருந்த நோட்டை நீட்டினேன். தேதி, நேரம், சுகர், டோஸ், கட்டம் போட்டு அழகா எழுதியிருந்தேன். அவங்க அதைத் திருப்பிக்கூட பார்க்கலை.

"நம்பரை விடுங்க சார். மூடி என்ன கலர்?"

"சிவப்பு."

"முந்தி போட்டுக்கிட்டு இருந்தது?"

"ஆரஞ்சு."

அவங்க ஒரு பெருமூச்சு விட்டாங்க. அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி குப்பை டப்பாவுல இருந்து ஒரு ஆரஞ்சு மூடி சிரிஞ்சையும் ஒரு சிவப்பு மூடி சிரிஞ்சையும் எடுத்து மேசையில பக்கத்துல பக்கத்துல வெச்சேன். ரெண்டும் ஒரே தடிமன், ஒரே நீளம், ரெண்டுலயும் மொத்தம் ஒரு மில்லி. சிவப்புல அந்த ஒரு மில்லியை 40 கோடாப் பிரிச்சிருக்கு. ஆரஞ்சுல அதே ஒரு மில்லியை 100 கோடாப் பிரிச்சிருக்கு. அம்மாவோட பாட்டில்ல, சின்ன எழுத்துல, ஒரு மில்லிக்கு 40 யூனிட்னு போட்டிருக்கு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கற மருந்தும் உண்டு, ஆரஞ்சு மூடி அதுக்கானது.

அதாவது யூனிட்ங்கறது மருந்தோட அளவு. அது ஆரம்பத்துல எப்படி வந்துதுன்னா, 1920-கள்ல பட்டினி போட்ட முயலுக்கு ஊசி போட்டு, அதோட ரத்தத்துல சர்க்கரை எவ்வளவு இறங்குதுன்னு பார்த்து வெச்ச அளவு. இன்னிக்குக் கணக்குல ஒரு யூனிட்னா 0.0347 மில்லிகிராம் இன்சுலின். ஆனா சிரிஞ்சுக்கு மருந்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது இடம் மட்டும்தான். எத்தனை மில்லி உள்ள வந்துது, அவ்வளவுதான். அது மேல யூனிட்னு எழுதியிருக்கறது, "இன்ன பாட்டில்ல இருந்து எடுத்தா"ங்கற நம்பிக்கையில எழுதினது.

ப்ளஸ் டூவுக்கு அப்புறம் முதல் தடவையா ஒவ்வொரு வரியிலயும் அலகு போட்டுக் கணக்கு எழுதினேன். ஆரஞ்சுல 20 கோடு = 0.2 மி.லி. 0.2 மி.லி. × 40 யூனிட்/மி.லி. = 8 யூனிட். மேலயும் கீழயும் இருக்கற மில்லியை அடிச்சு விட்டா யூனிட் மட்டும் நிக்குது. எட்டு. இருபதுன்னு நாங்க போட்டுக்கிட்டு இருந்தது எட்டு. 26-ன்னு போட்டது 10.4. 32-ன்னு போட்டது 12.8. அன்னிக்குக் காலையில, சரியான சிரிஞ்ச் வந்ததும், 12.8 நிஜமாவே 32 ஆயிருச்சு. அதுவும் நான் திட்டினதுல பாதி வயிறா சாப்பிட்டுக்கிட்டு இருந்த மனுசிக்கு.

அந்தக் கடைக்காரரைத் திட்டலாம்னு முதல்ல தோணிச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துது, அவர் கேட்டார். "எது சார்?"னு கேட்டார். பெட்டிக்கடை அண்ணாச்சி கேட்ட அதே கேள்வி.

தூக்கம் வராம நெட்டுல தேடிக்கிட்டு இருந்தப்ப, நம்ம கட்சியில பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் இருக்காங்கன்னு தெரிஞ்சுது. 1983 ஜூலை 23, ஏர் கனடா 143-வது விமானம், போயிங் 767. கனடா அப்பதான் மெட்ரிக்குக்கு மாறிக்கிட்டு இருந்துது. விமானத்துல எரிபொருள் காட்டற கருவி வேலை செய்யலை, குச்சி விட்டு அளந்தாங்க: 7,682 லிட்டர் இருக்கு. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோ ஆக்க சுமார் 0.8-ஆல பெருக்கணும். அவங்க பெருக்கினது 1.77-ஆல. அது லிட்டரைப் பவுண்டாக்கற எண். 13,597 வந்துது. அதைக் கிலோன்னு நினைச்சு 22,300-ல கழிச்சு, மிச்சத்தையும் அதே 1.77-ஆல வகுத்து, 4,916 லிட்டர் ஊத்திட்டுக் கிளம்பிட்டாங்க. ஊத்தியிருக்க வேண்டியது இருபதாயிரம் லிட்டர். நடு வானத்துல ரெண்டு இஞ்சினும் நின்னு போச்சு.

நான் அந்தக் கணக்கைக் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். பெருக்கல் சரி, கழித்தல் சரி, வகுத்தலும் சரி. ஒரு தப்பு கிடையாது. கேப்டனுக்கு கிளைடர் ஓட்டின பழக்கம் இருந்துது. அந்தப் பெரிய விமானத்தை அப்படியே மிதக்க விட்டு, கிம்லின்னு ஒரு ஊர்ல, கார் ரேஸ் நடத்திக்கிட்டு இருந்த பழைய விமானப்படை ஓடுதளத்துல இறக்கிட்டார். உள்ள இருந்த 69 பேரும் பிழைச்சாங்க. 1999-ல செவ்வாய்க்குப் போன நாசாவோட விண்கலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு குழு பவுண்டுல குடுத்த எண்ணை இன்னொரு குழு நியூட்டன்னு எடுத்துக்கிச்சு. 4.45 மடங்கு வித்தியாசம். செப்டம்பர் 23-ஆம் தேதி செவ்வாய்க்குப் பின்னாடி போனது திரும்பி வரவே இல்லை.

சரி, நாசாவே கோட்டை விட்டுதுன்னு மனசைத் தேத்திக்க முடியுமா என்ன? அவங்க யாரும் அம்மாவைத் திருடின்னு சொல்லலையே.

மறுநாள் அம்மா பக்கத்துல உக்காந்து ரெண்டு சிரிஞ்சையும் காட்டினேன். இங்கிலீஷ் தெரியாது, மில்லி யூனிட் எல்லாம் எப்படிச் சொல்றதுன்னு திணறி, "அளவு ஒண்ணுதான்மா, கோடு மட்டும் நெருக்கமாப் போட்டிருக்கான்"ன்னேன். அம்மா ரெண்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாங்க.

"இதுல என்னய்யா இருக்கு? உழக்கு மாறிப் போச்சு."

"ஆங்?"

"நான் கல்யாணம் ஆகி வந்தன்னிக்கு உங்க ஆச்சி, எட்டு உழக்கு அரிசி போடுன்னா. எங்க வீட்டு உழக்கு வேற, இந்த வீட்டு உழக்கு வேற. சீரா வந்த என் உழக்கை எடுத்து, ரெண்டுலயும் தண்ணி அளந்து பாத்துட்டுத்தான் உலை வச்சேன். இவங்க உழக்கு ரெண்டு விரக்கடை கம்மி. பாக்காம போட்டிருந்தா முத நாளே சோறு மிஞ்சி, ஊர் சிரிச்சிருக்கும்."

அம்மா படிச்சது அஞ்சாவது வரைக்கும். பொருளைப் பாக்கறதுக்கு முன்னால கருவியைப் பாருல. எங்க சார் ரெண்டு வருசம் கையில அடிச்சு சொல்லிக் குடுத்தது.

நான் ஸ்டூல் போட்டு ஏறி கருப்பட்டி டப்பாவை இறக்கினேன். "இப்ப எதுக்குய்யா அதை இறக்குத? அங்கனயே இருக்கட்டும்"ன்னாங்க. கோவமா சொன்னாங்களா, சாதாரணமா சொன்னாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை. மன்னிப்பு கேட்டேன்னு எழுத ஆசைதான். கேக்கலை. மாம்பழம் நறுக்கற நேரத்துல பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டேன். ஒரு துண்டு எடுத்துக் குடுத்தேன். "சுகர் ஏறும்"னு சொல்லி எனக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க.

டோஸை டாக்டர் மறுபடி 20-க்கே கொண்டாந்தார். பழையபடி 130, 140. அதுக்கு அப்புறம் எத்தனையோ வருசம், ஊசி போடறதுக்கு முன்னாடி அம்மா ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க: "சிவப்பு மூடிதான?" இப்ப பேனா மாதிரி இருக்கே, திருகினா எண் வர்றது, அதுக்கு மாத்தியாச்சு. மூடிக்கும் கலருக்கும் அதுல வேலையே கிடையாது. மருந்தும் மில்லிக்கு 100. இருந்தாலும் கேக்காம கையை நீட்ட மாட்டாங்க. "மூடி சரிதான?" சரிதாம்மா.

(டிஸ்கி: இதுல இருக்கற எந்த எண்ணையும் உங்க வீட்டுக்கு எடுத்துக்காதீங்க. உங்க டாக்டர் சொல்றதுதான் உங்களுக்கு. வீட்டுல யாருக்காவது ஊசி போடறீங்கன்னா, இதைப் படிச்சுட்டு எந்திரிச்சுப் போய் பாட்டில்ல போட்டிருக்கற 40-ஓ 100-ஓ, சிரிஞ்சுலயும் அதேதான் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துருங்க. நான் இங்கயே இருக்கேன்.)

பொண்ணு கிட்ட இவ்வளவு கதையும் சொன்னேன். மாம்பழ மேட்டர்ல மட்டும், "நான் சாப்பிட்டதுக்கு என்ன ஆதாரம்?"னு கேட்டா. பாதியில ஆச்சி ரூமுக்கு எந்திரிச்சுப் போயிட்டா. என்ன பேசினாங்கன்னு தெரியலை, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுது. மிஸ் கிட்ட பேசறதைப் பத்தி அப்புறம் அவ வாயைத் திறக்கலை. பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

மறுநாள் காலையில ஷூ மாட்டிக்கிட்டே, "அப்பா, ஒரு அம்பது குடு"ன்னா.

"அம்பது என்னது?"

"அப்பாஆஆ!"